பிராக் பாலத்திலிருந்து ஒரு வீடியோ கால்

ஏப்ரல் 28, திங்கள்

பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார். தாடி வைத்த, சத்தம் போடாமல் பேசுகிற ஜெர்மன்காரர். மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதால், "பேச வராவிட்டால் எழுதுங்கள். உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்" என்றார். பேசாதவளை எழுதச் சொல்வது என்ன வைத்தியமோ தெரியவில்லை. ஆனாலும் நோட்டு வாங்கியாகிவிட்டது.

எழுத இன்றைக்கு ஒரு விஷயமும் கிடைத்தது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. மே 17, சனிக்கிழமை, பிராக் நகரத்துக்கு ஒருநாள் பயணம். காலை ஏழு மணிக்குப் பேருந்து. "அன்புள்ள பொன்மாரி, அன்புள்ள சிந்துஜா, உங்கள் இருவருடைய இடங்களும் உறுதியாகிவிட்டன. வசதியான காலணி அணிந்து வரவும்."

ஜனவரியில் சிந்துஜாதான் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பதிவு செய்தாள். அவள் இறந்து இன்றோடு நாற்பத்தேழு நாள். வசதியான காலணியாம்.

எங்கள் விடுதித் தளத்துச் சமையலறையைச் சுத்தம் செய்யும் முறைப் பட்டியலிலும் அவள் பெயர் இன்னும் இருக்கிறது. இந்த வாரம் அவள் முறை. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே அடுப்பைத் துடைத்து, குப்பையைப் பிரித்துக் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை ஏழரைக்கு சிந்துஜா அம்மா போன் செய்தார். தினமும் செய்கிறார். கோபிசெட்டிபாளையத்தில் அப்போது மணி பதினொன்று. சமையல் முடித்து, சிந்துஜா அப்பா வெளியே போனபிறகு கூப்பிடுவார். பெயர் ருக்குமணி. நான் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.

"சாப்புட்டயா கண்ணு?"

"இனிமேத்தாம்மா."

"என்ன வெச்சிருக்கற?"

"பிரெட்டு."

"அதெல்லாம் ஒரு சோறா? நாலு இட்லி ஊத்தக் கூடாதா?"

இவ்வளவுதான் பேச்சு. அப்புறம் இரண்டு பேரும் சும்மா இருப்போம். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைப்பேன். நானும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று அவர் நினைப்பார்போல. பிறகு, "செரி, வெச்சர்றேன் கண்ணு" என்பார். என்னைப் பெற்ற அம்மாகூட வாரத்துக்கு ஒரு தடவைதான் போன் செய்கிறாள்.

போனை வைத்ததும் அந்த பிரெட்டைத் தின்னாமல் எடுத்து வைத்துவிடுவேன். தினமும் இதே கதைதான்.

மே 1, வியாழன்

விடுமுறை. கடை கண்ணி எதுவும் கிடையாது. நேற்றே பால் வாங்கி வைக்க மறந்துவிட்டேன்.

மத்தியானம் இம்மானுவேல் வந்து கதவைத் தட்டினான். கீழ்த்தளத்தில் இருக்கிறான், தூத்துக்குடிக்காரன். ஊருக்கு உடம்பை அனுப்பத் தூதரகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அலைந்தது அவன்தான். எனக்கு அப்போது கையெழுத்துப் போடக்கூடக் கை வரவில்லை.

"ஏ பிள்ள, தொண்ட கரகரன்னு இருக்கு. ஒரு மாத்திர தாயேன்."

"எங்கிட்ட இல்ல."

"உன்கிட்ட இல்லையா? டாக்டரம்மாகிட்ட மாத்திர இல்லன்னா வேற யார்கிட்ட இருக்கும்?"

"இல்லைன்னா இல்ல! ஆஸ்பத்திரிக்குப் போ! தொண்டைன்னா தொண்டை டாக்டர்ட்ட போய் வாயத் தொறந்து காட்டு! இனிமே எவனாவது மாத்திரைன்னு என் கதவத் தட்டினா செருப்பு பிஞ்சுரும்!"

பயந்துவிட்டான், பாவம். "சரி பிள்ள, சரி பிள்ள" என்று படியிறங்கிப் போனான். மார்ச் மாதமே டப்பாவோடு எல்லாவற்றையும் மருந்துக் கடையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன் என்று அவனிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

மே 2, வெள்ளி

இம்மானுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

மே 6, செவ்வாய்

துணி துவைக்கும் இயந்திரம் காலியாக இருப்பது காலை ஐந்தரைக்கு மட்டும்தான். கீழே உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் துணிகளோடு சிந்துஜாவின் சாம்பல்நிறத் துண்டு ஒன்று கிடந்தது. பெட்டி கட்டும்போது எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பெட்டியில் புத்தகத்திலிருந்து பாதி தீர்ந்த பவுடர்வரை எல்லாம் வைத்து, எடை பார்த்து, பூட்டி அனுப்பினேன். துண்டைத் திருப்பி அனுப்புவதா, நான் வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மடித்து அலமாரியில் வைத்தேன்.

மே 8, வியாழன்

இன்று சிந்துஜா அம்மா வழக்கத்தைவிட அதிகம் பேசினார்.

"அந்த டூரு எப்பக் கண்ணு?"

"எந்த டூரும்மா?" தெரியாததுபோலக் கேட்டேன்.

"அதான், என்னமோ பெரிய பாலம், செலையெல்லாம் வெச்சிருக்குமாமே. பொங்கலுக்குப் பேசறப்பச் சொன்னா. 'அந்தப் பாலத்துல நின்னுட்டு உனக்கு வீடியோ கால் போடறேன், ஏண்டி எழவெடுக்கறன்னு வெச்சர்றாத'ன்னா."

"நான் போகலம்மா."

"ஏங்கண்ணு?"

"படிக்க இருக்கு."

"ஒரு நாள்ல என்ன ஆயிருது? நீ போ. போயி அந்தப் பாலத்த எனக்குக் காட்டு. அவ காட்டறேன்னு சொன்னா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

முடியாது என்று எந்த வாயால் சொல்வது? சரி என்றேன். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த விடுதியில் சுவர் அட்டை மாதிரி. இருமினால் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

அந்த அம்மாவுக்கு என்மேல் இவ்வளவு பிரியம். அதை நான் திருடித் தின்றுகொண்டிருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

மார்ச் 8, சனிக்கிழமை. மாலை ஐந்து மணி இருக்கும். திங்கட்கிழமை எங்கள் இருவருக்குமே தேர்வு. நான் சமையலறை மேஜையில் படித்துக்கொண்டிருந்தேன். சிந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மாரி, வயிறு வலிக்குதுடி. ஏதாச்சு இருந்தாக் குடு."

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பீரியட்ஸா?"

"ரெண்டு நாள்ல வரோணும்."

அந்த ஒரு கேள்விதான் கேட்டேன். மாதவிலக்கு வலிக்கு எங்கள் தளத்துப் பெண்கள் எல்லாருக்கும் நான் கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. டப்பாவைத் திறந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுத்தேன். ஒன்று இப்போது, ஒன்று ராத்திரி. கொடுத்துவிட்டு மறுபடியும் புத்தகத்தில் குனிந்துகொண்டேன்.

எங்கள் அப்பா அருப்புக்கோட்டையில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறார். நான் அந்தக் கடையிலேயே வளர்ந்தவள். ஆள் வந்து நின்று "அண்ணே, வயிறு" என்பார். அப்பா "என்ன சாப்பிட்ட, எந்தப் பக்கம், எப்போருந்து" என்று மூன்று கேள்வி கேட்டு, அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துத் தாளில் மடித்துக் கொடுப்பார். டாக்டர் சீட்டு எங்கே என்று அந்தக் கடையில் யாரும் யாரையும் கேட்டதில்லை. பத்தாவது படிக்கும்போதே அப்பா சாப்பிடப் போகிற நேரத்தில் நானும் அதைச் செய்வேன். அப்புறம் பி.ஃபார்ம் படித்தேன். இங்கே வரும்போது அப்பா ஒரு பெரிய டப்பா நிறைய மாத்திரை அடுக்கிக் கொடுத்தார். ஜெர்மனியில் டாக்டரைப் பார்ப்பதற்குள் வியாதியே சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வந்த ஒரு மாதத்தில் நான் விடுதிக்கே டாக்டரம்மா ஆகிவிட்டேன். எனக்கும் அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வலது பக்கம், கீழே என்று சொல்லியிருப்பாள்.

எட்டு மணிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "வலி விட்டுப்போச்சுடி. உம் மாத்திர நெம்ப நல்லாக் கேக்குது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. குடல்வால் வெடிக்கிற நேரத்தில் சில பேருக்கு வலி சட்டென்று குறையும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குக் காய்ச்சல். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டேன். நாலு மணிக்குத் திரும்பியபோது உதடெல்லாம் நீலம். கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறாள், பதில் வரவில்லை. ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏறியதும் என் கையைப் பிடித்தாள். "மாரி, தாங்க முடியலடி, தாங்க முடியலடி" என்று வழி நெடுக அதையே சொன்னாள். நகம் என் உள்ளங்கையில் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் சேர்ந்துதான் அந்தப் பிடியை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கப்புறம் அவள் கண் விழிக்கவே இல்லை. புதன்கிழமை போய்விட்டாள்.

அங்கிருந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். "உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை" என்றார். நல்ல மனிதர். நான் என்ன படித்தவள் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டாருக்கு நான் சொன்னதெல்லாம், திடீரென்று காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், குடல்வால் என்றார்கள் என்பதுதான். சனிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆம்புலன்சில் நடந்ததையும் சொல்லவில்லை.

மே 12, திங்கள்

அப்பாவுக்குப் போன் செய்து, சிந்துஜா அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். மார்ச்சிலேயே அவருக்கு விஷயம் தெரியும்.

"இங்க பாரு தாயி, கிறுக்குத்தனம் பண்ணாத. நீ வேணும்னா குடுத்த? கடைல நான் தெனமும் நூறு பேருக்குக் குடுக்கேன். சொல்லிட்டா அந்தப் பிள்ள வந்துருமா?"

"வராதுப்பா."

"அப்ப எதுக்கு? அவுக பெத்தவுக. ஏதோ விதின்னு மனசத் தேத்திட்டு இருக்காக. நீ போயி நாந்தேன்னு சொன்னா, செத்த பிள்ளய நெனச்சு அழுவாகளா, ஒன்ன நெனச்சுக் கொதிப்பாகளா? வாயப் பொத்திக்கிட்டுப் படி."

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மே 14, புதன்

அம்மா பேசினாள். அப்பா ஒரு மாதமாகவே வயிற்றுவலி என்று வருகிறவர்களுக்கு மாத்திரை கொடுப்பதில்லையாம். கேட்டால் ஸ்டாக் இல்லை என்கிறாராம். ராக்கில் அட்டை அட்டையாக இருக்கிறது என்றாள் அம்மா.

மே 15, வியாழன்

இன்றும் ஏழரைக்குப் போன். "சாப்புட்டயா கண்ணு?"

சனிக்கிழமை பாலத்தைக் காட்டும்போது சொல்லிவிடுவேன். முடிவு செய்துவிட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை இந்தப் போன் வராது. எந்தத் தாயாவது அப்புறமும் பேசுவாளா? வராமல் போகட்டும். இப்படி ஏமாற்றி வாங்கிக்கொள்வதைவிட அது மேல்.

எழுதும்போது மேல் என்று எழுதிவிட்டேன். நினைத்தால் பயமாக இருக்கிறது.

மே 16, வெள்ளி

புளிச்சாதம் கிளறினேன். எந்த ஊருக்குப் போனாலும் நம் ஆட்கள் புளிச்சாதம் இல்லாமல் பேருந்து ஏறுவதில்லை. இம்மானும் வருகிறான், அவனுக்கும் சேர்த்துக் கட்டினேன். நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது.

மே 17, சனி

பேருந்தில் மொத்தம் ஐம்பது இடம். யோனாஸ் என்ற ஜெர்மன் மாணவன்தான் எங்களை அழைத்துப்போகிறவன். கையில் பட்டியல், தலையில் மஞ்சள் தொப்பி, முகம் நிறையச் சிரிப்பு. மைக்கைப் பிடித்துப் பெயர் கூப்பிட்டான். எங்கள் பெயர்களை அவன் வாயில் போட்டு மென்றதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். "பான்மேரி" என்றான். கை தூக்கினேன். அடுத்தது அவள் பெயர்தான். ஒன்றாகப் பதிவு செய்தது இல்லையா.

"சிண்டுயா? சிண்டுயா இருக்கிறாரா?"

இம்மான் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்.

"வரவில்லை" என்றேன்.

"ஓ, பரவாயில்லை. பையை வைக்க உங்களுக்கு இடம் கிடைத்தது!" என்று சொல்லி ஒரு கோடு போட்டுக்கொண்டான். அவனுக்குத் தெரியாது. அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்வது? ஆனாலும் பையை அந்த இருக்கையில் வைக்கவில்லை. இரண்டரை மணி நேரமும் மடியிலேயே வைத்திருந்தேன்.

மலைகளைத் தாண்டி இறங்கினால் நாடு மாறிவிட்டது. பெயர்ப் பலகையில் எழுத்துகளுக்கு மேலே கொம்பும் வாலும் முளைத்திருந்தன. எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை. போன வாரம் முழுக்க நான் செத்துப் பிழைத்தது இந்த நாளுக்காகவா என்று இருந்தது. வெயிலும் நன்றாக இருந்தது, சனியன்.

பிராக் அழகாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. எழுநூறு எண்ணூறு வருடத்துக் கட்டடங்கள் சிவப்பு ஓடு வேய்ந்து வரிசையாக நிற்கின்றன. தெருவெல்லாம் சிறிய சிறிய கருங்கல் பதித்தது. செருப்பு போட்டு வந்தவர்கள் தடுக்கித் தடுக்கி நடந்தார்கள். யோனாஸ் தொப்பியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான். இந்த ராஜா, அந்த ராஜா, இந்தப் போர், அந்தத் தீ என்று சொல்லிக்கொண்டே போனான். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எனக்குள் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது: அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய கடிகாரத்துக்கு முன்னால் நிறுத்தினான். உலகத்துக் கூட்டமெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு நின்றது. மணி ஆனதும் கடிகாரத்தின் பக்கவாட்டில் நிற்கும் ஒரு எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணி அடிக்கிறது. வா, நேரம் ஆகிவிட்டது என்று தலையை ஆட்டுகிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் பொம்மைகள் வரமாட்டோம் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகின்றன. முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு குழந்தை மறுபடியும் போடச் சொல்லி அழுதது.

"சிந்து இருந்தா இதுக்கு ஒரு கமெண்ட் அடிச்சிருப்பா" என்றான் இம்மான். இரண்டு மாதத்தில் அவன் அவளைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயில்" என்றான்.

பாலத்துக்கு ஒரு மணிக்கு வந்தோம். அகலமான கல் பாலம். இரண்டு பக்கமும் கறுத்துப்போன சிலைகள். படம் வரைகிறவர்கள், வயலின் வாசிக்கிறவர்கள், கல்யாண உடையில் போட்டோ எடுக்கிற ஜோடி. ஒரு சிலையின் அடியில் இருந்த வெண்கலத் தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று ஒரு வரிசையே நின்றது. ஆயிரம் கை பட்டு அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. இம்மான் போய் நின்றான். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு இரண்டு மணிக்கு இங்கேயே கூட வேண்டும் என்று யோனாஸ் சொன்னான்.

கூட்டம் குறைவாக இருந்த ஓரமாகப் போய், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வீடியோ கால் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார். எதிர்பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். தலை சீவி, நல்ல சேலை உடுத்தியிருந்தார்.

"வந்துட்டயா கண்ணு?"

"வந்துட்டேம்மா. இந்தாங்க, பாருங்க."

கேமராவை ஆற்றுப் பக்கம் திருப்பினேன். என் முகம் தெரிந்தால் எனக்குச் சொல்ல வராது. படகுகள், அணை மாதிரி ஒரு தடுப்பு, மேலே மலையில் கோட்டை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமையே அவளுக்கு வலிச்சது. எங்கிட்டத்தான் வந்து கேட்டா. நான் சரியா விசாரிக்காம மாத்திரை குடுத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. அன்னைக்கே போயிருந்தா இருந்திருப்பா. என்னாலதாம்மா."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சிக்னல் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரியுங்கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு எனக்குப் போன் போட்டா. அம்மா, வயிறு வலிக்குது, மாரிகிட்ட மாத்திர வாங்கீருக்கறேன், ஆனாப் பயமா இருக்குது, ஆஸ்பத்திரிக்குப் போயிரட்டுமான்னு கேட்டா." நிறுத்தி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான் வேண்டாம்னேன். தெரியாத ஊருல தனியாப் போயி நிக்காத, பிடிச்சுப் படுக்க வெச்சுருவாங்க, திங்கக்கெழம பரீட்ச போயிரும். மாரி மருந்துக்குப் படிச்ச புள்ள. அவ குடுத்ததப் போட்டுட்டுப் படுன்னேன். செரிம்மான்னு வெச்சுட்டா."

"அம்மா..."

"அவிங்கப்பாவுக்கு இது தெரியாது. யாருக்குந் தெரியாது. அவ உங்கிட்டச் சொல்லீருப்பான்னு நெனச்சுட்டு இருந்தேன். தெனமும் உனக்குப் போன் போடறனே, எதுக்குன்னு நெனச்ச? இன்னிக்காச்சு நீ கேப்பியோன்னுதான். ஏம்மா அப்படிச் சொன்னீங்கன்னு கேப்பியோன்னுதான். நீ பிரெட்டுத் தின்னேம்ப. நானு வெச்சர்றேம்பேன்."

பக்கத்தில் யாரோ தங்களைப் போட்டோ எடுக்கச் சொல்லி என்னிடம் கேமராவை நீட்டினார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

ரொம்ப நேரம் இரண்டு பேரும் அழுதோம். அவர் சத்தமில்லாமல் அழுதார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று இருக்கும். எனக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே என்னை யாருக்குத் தெரியும்?

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "கண்ணு, ஒன்னே ஒன்னு கேக்கறேன். மறைக்காமச் சொல்லு" என்றார்.

"கேளுங்கம்மா."

"கடைசில அவளுக்கு நெம்ப வலிச்சுதா?"

நான் ஆற்றைப் பார்த்தேன். கேமராவும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாலமெல்லாம் போதும். உம் மூஞ்சியக் காட்டு. என்னப் பாத்துச் சொல்லு."

கேமராவை என் பக்கம் திருப்பினேன். அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. சிந்துஜாவின் கண் அப்படியே அவருடைய கண்.

"இல்லம்மா" என்றேன். "வலிக்கவே இல்ல. அன்னைக்கு ராத்திரியே விட்டுப்போச்சுன்னு சொன்னா. மாத்திரை நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் தூக்கம்தான்."

"நெசமாவா?"

"நெசமாம்மா. நான் கூடவேதான இருந்தேன்."

கண்ணை மூடித் திறந்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். இரண்டு மாதமாக விடாமல் வைத்திருந்த மூச்சுபோல இருந்தது.

"அப்ப நல்ல மாத்திரதான் குடுத்திருக்கற கண்ணு" என்றார்.